இருபது பேருக்கு ஓர் அடுப்பு

1939-40 குளிர்காலத்தில் பின்லாந்து சோவியத் ஒன்றியத்தை எதிர்த்து நின்ற 105 நாட்களைப் பற்றித் தமிழில் எங்கே தேடினாலும் முதலில் வந்து நிற்பவர் மறைந்திருந்து சுடும் ஃபின்னிய வீரர் சிமோ ஹைஹா. வெள்ளை உடுப்பு, டெலஸ்கோப் இல்லாத துப்பாக்கி, சுட்டுக்கொன்றவர்கள் ஐந்நூறுக்கும் மேல் என்று ஒரு கணக்கு. மனிதர் நிஜம்தான். கொல்லா ஆற்றோரம் நின்றார், 1940 மார்ச் 6 அன்று தாடையில் குண்டு வாங்கினார், பிழைத்து 2002 வரை வாழ்ந்தார். ஆனால் அவர் கதையைக் கேட்டு முடித்தவருக்கு அந்தப் போரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. அடுத்து வருவது 'பனிதான் பின்லாந்தைக் காப்பாற்றியது' என்கிற விளக்கம். இது இன்னும் மோசம். மைனஸ் 40 டிகிரி இரண்டு பக்கத்துக்கும் ஒரே மைனஸ் 40தான். குளிர் என்ன, ரஷ்யர்களுக்குப் புதிதா?

இந்தப் போரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைக் கையில் எடுக்கலாம் என்றால் நான் எடுப்பது ஒரு தகர அடுப்பை. அதற்கு வருமுன் பின்னணியை விறுவிறுவென்று கடந்துவிடலாம்.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பகுதி பின்லாந்தை சோவியத் பங்கில் வைத்தது. அக்டோபரில் மாஸ்கோவில் பேச்சு. எல்லை லெனின்கிராடிலிருந்து 32 கிலோமீட்டரில் இருக்கிறது, அதைத் தள்ளிப் போடு. ஹாங்கோ துறைமுகத்தை 30 வருடக் குத்தகைக்குக் கொடு. பதிலுக்கு வடக்கே காட்டு நிலம் இரண்டு மடங்கு தருகிறேன் என்றார் ஸ்டாலின். பின்லாந்து ஒப்பவில்லை. நவம்பர் 26 அன்று மைனிலா கிராமத்தில் குண்டு விழுந்ததாக ஒரு குற்றச்சாட்டு, நவம்பர் 30 காலை ஹெல்சின்கி மேல் விமானங்கள். பின்லாந்தின் மக்கள்தொகை அன்று 37 லட்சம். கையிலிருந்த டாங்கி எதிர்ப்பு பீரங்கிகள் நூறு சொச்சம். இலகு பீரங்கிக் குண்டுகள் மூன்று வாரத்துக்கு, துப்பாக்கித் தோட்டா இரண்டு மாதத்துக்கு. தளபதி மன்னர்ஹைமுக்கு வயது 72. இளமையில் ஜார் மன்னரின் படையில் முப்பது வருடம் இருந்தவர்.

பலரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் அக்டோபர் மாதம். பேச்சு நடக்கும்போதே 'கூடுதல் பயிற்சி' என்று பேர் சொல்லி பின்லாந்து தன் ரிசர்வ் ஆட்களை, அதாவது பயிற்சி முடித்து வீட்டிலிருந்தவர்களை, முழுக்கக் கூப்பிட்டுவிட்டது. முதல் குண்டு விழும்போது படை ஏற்கெனவே தன் இடத்தில் ஆறு வாரமாக உட்கார்ந்திருந்தது. சீருடை போதவில்லை. சொந்தக் கோட்டு, அதன்மேல் அரசு கொடுத்த பெல்ட், தொப்பியில் ஒரு சின்னம், அவ்வளவுதான் பலருக்கு. அப்போதைய பிரதமர் பெயரைச் சேர்த்து 'கயாண்டர் மாடல்' என்று அந்த உடையை அவர்களே கிண்டல் செய்தார்கள். ஆனால் ஆறு வாரத்தில் பெரும்பாலோருக்குத் தன் குழு, தன் கூடாரம், தன் அடுப்பு எது என்று பழகிப்போயிருந்தது.

தமிழில் இதை எழுதும்போது ஒரு இடைஞ்சல் உண்டு. நமக்கு விடியற்காலைப் புல்லில் இருப்பதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி, ஏரி உறைந்தால் அதுவும் பனி. இந்தப் போரில் இவை வேறு வேறு சாமான்கள். இங்கே விழுவதை வெண்பனி என்றும், உறைந்த தண்ணீரைப் பனிக்கட்டி என்றும் பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஒன்று நடமாட்டத்தைத் தடுக்கும், மற்றது பாதை கொடுக்கும். போரின் பாதிக் கதை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இப்போது கூடாரம். பின்லாந்துப் படையின் கூடாரம் அரை பிளாட்டூனுக்கு, அதாவது சுமார் இருபது பேருக்கு, ஒன்று. வட்டமாக விரியும். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் அருகில் விறகு எரிக்கும் தகர அடுப்பு, அதன் புகைக்குழாய் கூடார உச்சி வழியே வெளியே போகும். பெயர் கமினா. கூடாரம், அடுப்பு, ரம்பம், கோடரி எல்லாம் அஹ்கியோ என்கிற படகு வடிவச் சறுக்குவண்டி ஒன்றில் அடங்கிவிடும். மூன்று நான்கு பேர் இடுப்பில் வார் கட்டி இழுப்பார்கள். லாரி வேண்டாம், சாலை வேண்டாம். காட்டின் நடுவில் எங்கே நிற்கிறார்களோ அங்கே வீடு.

போடுகிற முறையும் முக்கியம். முதலில் வெண்பனியைத் தரை வரை வாருவார்கள், அல்லது மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதன்மேல் ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளைத் தடிமனாகப் பரப்புவார்கள். படுக்கிறவனுக்குக் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும், கம்பளியை மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் கிளை இல்லையென்றால் தூக்கம் இல்லை. கூடாரத்தின் ஓரத்தைச் சுற்றி வெண்பனியை அள்ளிப்போட்டு அணை கட்டினால் காற்று நுழையாது. பிறகு சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, கால் அடுப்புப் பக்கம், தலை ஓரத்துப் பக்கம். வெளியில் மைனஸ் 35 இருக்கும்போது உள்ளே சட்டையோடு உட்காரலாம்.

ராத்திரி முழுக்க ஒருவன் விழித்திருக்க வேண்டும். அவனுக்கு 'கிபினாமிக்கோ' என்று பெயர். கிபினா என்றால் தீப்பொறி. மிக்கோ நம் ஊர் முருகன், குமார் மாதிரி ஒரு சாதாரணப் பெயர். 'தீப்பொறிக் குமார்' என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு விறகு போடுவது, பொறி பறந்து துணியில் விழுந்தால் அணைப்பது, தூக்கத்தில் எவன் காலாவது அடுப்பில் ஒட்டினால் இழுத்துவிடுவது, கம்பத்துக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கும் ஈரக் கையுறை, காலுறைகளைத் திருப்பிப்போடுவது, நேரம் ஆனதும் அடுத்தவனை எழுப்புவது, இவ்வளவும் அவன் வேலை. இதில் கடைசிக்கு முந்தையதுதான் உயிர். காலையில் ஈரக் காலுறையோடு கிளம்புகிறவன் மதியத்துக்குள் விரலை இழப்பான்.

விறகிலும் சூட்சுமம் உண்டு. பச்சை மரம் புகையும். பகலில் காட்டுக்கு மேலே எழும் புகை நூல் விமானத்துக்கு விலாசம் சொல்லிவிடும். நின்ற இடத்திலேயே செத்து, பட்டை உதிர்ந்து, பல வருடம் காய்ந்து வெளுத்த பைன் மரத்தை ஃபின்னிஷ் மொழியில் கெலோ என்பார்கள். அது புகையின்றி எரியும். பற்றவைக்க பிர்ச் மரப்பட்டை. அதிலிருக்கும் எண்ணெயால் ஈரமாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு வெண்பனியை உருக்குகிறார்கள் என்றால் பத்து லிட்டர் புதுப்பனி போட்டால் ஒரு லிட்டர் கிடைக்கும். காலிப் பாத்திரத்தில் பனியை மட்டும் போட்டால் அடி பிடித்துத் தீய்ந்த வாடை வரும், முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தொடங்க வேண்டும். தாகத்துக்குப் பனியை அப்படியே தின்றால் உடம்பின் சூட்டை அதை உருக்கவே செலவழிக்கிறோம். இவையெல்லாம் ராணுவ ரகசியம் கிடையாது. மரம் வெட்டப் போகிற எந்த ஃபின்னிஷ் குடியானவனுக்கும் தெரிந்த சங்கதி. படையில் பாதிப்பேர் அந்தக் குடியானவர்கள்தான்.

கால்களுக்கு வருவோம். அவர்கள் போட்டது முனை மேல்நோக்கி வளைந்த தோல் பூட்ஸ், உள்ளே கம்பளிக் காலுறை ஒன்றிரண்டு வைத்தும் விரல் அசைக்க இடம் இருக்கிற அளவு. இறுக்கமான பூட்ஸ் இரண்டு வகையில் கொல்லும்: ரத்த ஓட்டத்தை நெருக்கும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கு இடம் விடாது. ஸ்கீயில், அதாவது காலில் மாட்டும் பனிச்சறுக்குப் பலகையில், ஒரு தோல் வளையம் மட்டும். வளைந்த முனையை அதில் நுழைத்தால் மாட்டிக்கொள்ளும், காலைப் பின்னுக்கு இழுத்தால் கழன்றுவிடும். குனிய வேண்டாம், கையுறையைக் கழற்ற வேண்டாம். சுடும்போது படுக்க வேண்டியவனுக்கும் சுட்டுவிட்டு ஓட வேண்டியவனுக்கும் இந்த ஒரு நொடி பெரிது. சோவியத் பக்கத்திலும் ஸ்கீ வந்தது, கட்டுக்கட்டாக வந்தது, பழகியவன் இல்லை. இருந்தவர்களிலும் பலருக்கு வாலென்கி என்கிற கம்பளிப் பூட்ஸ் கிடைக்காமல் சாதாரணத் தோல் பூட்ஸோடு வந்தார்கள். தொடக்கத்தில் வெள்ளை மேலங்கியும் கிடையாது, டாங்கிகள்கூட இலைப்பச்சை நிறத்தில் வெண்பனி நடுவே நின்றன.

இன்னொரு எதிரி வியர்வை. ஸ்கீயில் ஏறி வேகமாகப் போகுமுன் ஒரு அடுக்கைக் கழற்றிவிட வேண்டும், நின்றதும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது கொஞ்சம் குளிரெடுத்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம்.

துப்பாக்கியைக் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. சூட்டில் இரும்பின்மேல் ஈரம் படியும். மறுபடி வெளியே எடுத்தால் அந்த ஈரம் உள்ளுக்குள் உறைந்து பூட்டு நகராது. ஆகவே வெளியிலேயே, வெண்பனி படாமல் மூடி வைப்பார்கள். சாதாரணத் துப்பாக்கி எண்ணெய் அந்தக் குளிரில் வெல்லப்பாகாகிவிடும். தோட்டாவை அடிக்கும் ஊசி மெதுவாக இறங்கும், தோட்டா வெடிக்காது. எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் நீர்த்த எண்ணெயைத் தொட்டு வைப்பதுதான் வழி. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியின் குழலைச் சுற்றிய உறையில் நான்கு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது உறைந்தால் உறையே பிளந்துவிடும், எனவே கிளிசரின் கலப்பார்கள். பீரங்கிக்கும் குளிர் பாதிப்பு உண்டு. மருந்து மெதுவாக எரிவதால் குண்டு குறிக்கு முன்னாலேயே விழும், கணக்கைத் திருத்த வேண்டும். விழுந்த குண்டும் ஆழமான வெண்பனிக்குள் புதைந்து வெடித்தால் சிதறல்கள் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

வாகனங்கள் பாடு இதைவிட மோசம். ராத்திரி நிறுத்திய லாரி காலையில் கிளம்பாது. ஆகவே சோவியத் ஓட்டுநர்கள் இன்ஜினை அடிக்கடி ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள். நகராமல் நின்ற இடத்தில் பெட்ரோல் தீர்ந்தது. ஒரே சாலையில் வரிசையாக நிற்கும் படைக்கு இது என்ன செய்யும் என்பதைப் பார்க்க சுவோமுஸ்ஸல்மிக்குப் போக வேண்டும்.

வரைபடத்தில் பின்லாந்தின் இடுப்பு மெலிந்திருக்கும் இடத்தில் அந்தக் கிராமம். அங்கிருந்து மேற்கே ஓலு நகரம் வரை போய்விட்டால் நாடு இரண்டு துண்டு. அதற்காக வந்தது சோவியத் 163ஆவது டிவிஷன் (பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த பெரும்படை). 1939 டிசம்பர் 7 அன்று கிராமத்தைப் பிடித்தது. பிடித்தது என்ன, சாம்பலைத்தான். விலகிப்போன ஃபின்னியர்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். எதிரிக்கு ஒரு கூரை கிடைக்கக்கூடாது என்பதற்காகத் தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பதை வீரம் என்று எழுதிவிட்டுப் போகலாம். அந்த வடக்கத்திக் காட்டில் அது வெறும் கணக்கு: கூரை இல்லாத படை ராத்திரிக்கு ராத்திரி தேயும்.

ஃபின்னியக் கர்னல் யால்மர் சீலாஸ்வுவோ 27ஆவது ரெஜிமென்ட்டோடு வந்து டிசம்பர் 11 அன்று எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார். அவரிடம் டாங்கி எதிர்ப்பு பீரங்கி ஒன்றுகூட இல்லை. கூடாரமும் வெள்ளை அங்கியும்கூட அப்போது போதிய அளவில் இல்லை. ஸ்கீ மட்டும் இருந்தது. முதல் வேலையாகக் கிராமத்துக்குப் போகும் ராத்தே சாலையை வெட்டினார். எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் நீளம், காட்டுக்குள் ஒரே ஒரு வண்டிப்பாதை. கிராமத்துக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் அந்தச் சாலை இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒடுங்குகிறது. அங்கே இரண்டு கம்பெனி, சுமார் 350 பேர், அடைத்துக்கொண்டு நின்றார்கள். 163ஐ மீட்க உக்ரைனிலிருந்து வந்த 44ஆவது டிவிஷன் இந்த அடைப்பில் முட்டி நின்றது. முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியவில்லை; இரு பக்கமும் அடிக்கடி விழுந்த சிறு சிறு தாக்குதல்கள் பெரும்படை ஒன்று எதிரே இருப்பதாக நம்பவைத்தன. டிசம்பர் 30க்குள் 163 சிதறிப்போனது. 44 சாலையிலேயே நின்றது, பின்னால் முப்பது கிலோமீட்டருக்கு வால் நீட்டி. டாங்கி, பீரங்கி, லாரி, குதிரை, சமையல் வண்டி, எல்லாம் ஒற்றை வரிசையில். இடுப்பளவு வெண்பனியில் சாலையை விட்டு நூறு மீட்டர் உள்ளே போக அவர்களால் முடியவில்லை.

ஃபின்னியர்களால் எப்படி முடிந்தது? பாதை போட்டுக்கொண்டார்கள். முதலில் வழி பார்க்கும் ஆட்கள் ஸ்கீயில் போய் மரங்களில் அடையாளம் வைப்பார்கள். அதே தடத்தில் ஒரு பட்டாலியன் போனால் வெண்பனி அமுங்கி இறுகும். பின்னால் ஒரு குதிரை, காலிச் சறுக்குவண்டியோடு. அப்படியே ஒரு ராத்திரி விட்டால் மிதிபட்ட வெண்பனி கல்லாக உறையும். மறுநாள் பாரம் ஏற்றிய வண்டி போகும். ராத்தே சாலைக்குத் தெற்கே, கொஞ்சம் தள்ளி, கிட்டத்தட்ட இணையாக ஒரு ஏரித்தொடர் இருந்தது. அந்தப் பனிக்கட்டி மேல் லாரியில் கலப்பை மாட்டி வெண்பனியைத் தள்ளிவிட்டு நேர் சாலை போட்டார்கள்.

இந்தத் தள்ளிவிடுதல் இரட்டை வேலை செய்கிறது. வெண்பனி ஒரு கம்பளி. அது மூடியிருக்கும் வரை அடியில் ஏரி மெதுவாகத்தான் உறையும். பல சமயம் பனியின் பாரத்தில் பனிக்கட்டி அமிழ்ந்து, விரிசல் வழியே தண்ணீர் மேலே ஏறி, வெண்பனிக்கடியில் யாருக்கும் தெரியாத சேறாக நிற்கும். குதிரை அதில் இறங்கினால் முடிந்தது. கம்பளியை நீக்கிவிட்டால் குளிர் நேராக இறங்கி, ராத்திரிக்கு ராத்திரி பனிக்கட்டி தடிக்கும். இன்றும் பின்லாந்தில் சொல்லும் கணக்கு: நல்ல கெட்டிப் பனிக்கட்டி 5 செ.மீ. இருந்தால் ஒருவர் நடக்கலாம், 20 செ.மீ. இருந்தால் கார் போகலாம். வண்டிகள் இடைவெளி விட்டு மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீரில் அலை எழும்பி, கரையருகே மேலே இருப்பதை உடைத்துவிடும்.

இந்தப் பாதை இருந்ததால்தான் 1940 ஜனவரி 1 ராத்திரி நடந்தது நடந்தது. கேப்டன் லஸ்ஸிலாவின் பட்டாலியன், சுமார் ஆயிரம் பேர், ஏரிச்சாலை வழியே வந்து, காட்டுத் தடத்தில் திரும்பி, ராத்திரி பதினொரு மணி வாக்கில் ஹௌகிலா பண்ணை அருகே ராத்தே சாலைக்கு நானூறு மீட்டரில் நின்றது. கீழே சோவியத் வீரர்கள் நெருப்பு மூட்டிச் சுற்றி நிற்பது தெரிந்தது. திறந்த நெருப்பு உடம்பின் முன்பக்கத்தை மட்டும் காயவைக்கும், முதுகை உறையவிடும். இருட்டில் இருப்பவனுக்கு இலக்கையும் காட்டிக் கொடுக்கும். நெருப்பைப் பார்த்தே இருந்தவன் கண்ணுக்குப் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது. இரண்டு ஓரத்திலும் ஆறு ஆறாக இயந்திரத் துப்பாக்கிகள், நடுவில் தாக்கும் கம்பெனிகள். தாக்குதல் விழுந்த இடத்தில் இருந்தது ஒரு சோவியத் பீரங்கிப் பட்டாலியன். அதன் பீரங்கிகள் எல்லாம் மேற்கே பார்த்து நின்றன, திருப்ப நேரமில்லை. சாலையைத் தாண்டி இடமும் வலமும் ஒதுக்கி, சுமார் அரை கிலோமீட்டர் துண்டைக் கைப்பற்றி, இரு முனையிலும் மரங்களை வெட்டிச் சாய்த்துக் கண்ணிவெடி வைத்தார்கள். காலையில் கிழக்கிலிருந்து டாங்கிகள் வந்தன. அதற்குள் இரண்டு டாங்கி எதிர்ப்பு பீரங்கிகள் புதிய பாதை வழியே வந்து சேர்ந்துவிட்டன. ஏழு டாங்கிகள் அங்கேயே நின்று, அவையே இன்னொரு தடுப்பாயின.

இப்படிச் சாலையைத் துண்டு துண்டாக வெட்டுவதற்குத்தான் 'மொத்தி' என்று பெயர் வந்தது. அது போர்ச்சொல்லே அல்ல. விறகுக்கடைச் சொல். மீட்டர் நீளத்துக்கு வெட்டி, மீட்டர் அகலம், மீட்டர் உயரம் அடுக்கிவைத்த விறகுக்குவியல் ஒரு மொத்தி. வெட்டி அடுக்கியாகிவிட்டது, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அர்த்தம். துண்டாக்கிய பிறகு சமையல் வண்டியைத் தேடி அடிப்பார்கள். அதன் புகைக்குழாய் தூரத்திலிருந்தே தெரியும். சூடான கஞ்சி நின்றுவிட்ட மூன்றாவது நாளில் மைனஸ் 30இல் இருப்பவனிடம் சண்டை போடும் தெம்பு இருக்காது. ஃபின்னியன் சில மணி நேரம் சாலையோரம் நின்றுவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிச் சூடாகச் சாப்பிட்டுத் தூங்கினான். இருபது பேருக்கு ஓர் அடுப்பு என்று நான் சொன்னது இதைத்தான். ஜனவரி 6 ராத்திரி 44ஆவது டிவிஷனின் தளபதி வினோகிராதோவ் பின்வாங்க உத்தரவிட்டார். அதற்கு ஒரு நாள் முன்பே பின்வாங்க வழி இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளும் எழுபது பீரங்கிகளும் ஃபின்னியர் கைக்கு வந்தன. தப்பிப்போன வினோகிராதோவை சொந்த ராணுவமே ஜனவரி 11 அன்று வீரர்கள் முன்னிலையில் சுட்டுக்கொன்றது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல வெற்றிக்கதை. பெரும்பாலோர் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

மொத்தி எல்லா இடத்திலும் விறகாகவில்லை. லடோகா ஏரிக்கு வடக்கே, லெமெத்தியிலும் கிதிலாவிலும், வளைக்கப்பட்ட சோவியத் படைகள் கலையவில்லை. டாங்கிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்துக் கோட்டையாக்கின, குதிரைகளை அறுத்துத் தின்றன, விமானம் போட்ட மூட்டைகளைப் பொறுக்கின. அவற்றை உடைக்கக் கனரகப் பீரங்கி வேண்டும். பின்லாந்திடம் குண்டு கிடையாது. கிழக்கு லெமெத்தி விழப் பிப்ரவரி கடைசி ஆகிவிட்டது. கிதிலாவில் 168ஆவது டிவிஷன் விழவே இல்லை, லடோகாவின் பனிக்கட்டி மேல் வண்டிகள் அதற்குச் சோறு கொண்டுபோயின. சீலாஸ்வுவோ அடுத்துப் போன கூஹ்மோவிலும் 54ஆவது டிவிஷன் வளையத்துக்குள் இருந்தபடி தாக்குப்பிடித்தது. வளைத்தவனும் அங்கிருந்து நகர முடியாது என்பதுதான் வளைப்பதில் உள்ள வில்லங்கம். தெற்கே, லடோகாவுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கரேலியப் பூசந்தியில் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் தவித்தபோது, வடக்கே ஆயிரக்கணக்கானோர் விறகுக் குவியலைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

போரின் முடிவு பூசந்தியில்தான் இருந்தது. பின்லாந்து வளைகுடாவிலிருந்து லடோகா வரை மன்னர்ஹைம் அரண். பெயரைக் கேட்டால் பிரம்மாண்டமாக இருக்கும். அதில் நவீனக் கான்கிரீட் காப்பறைகள் சிலவே, மீதி 1920களின் மட்டமான கான்கிரீட்டும், மரமும் மண்ணும் கொண்ட பதுங்குகுழிகளும். டாங்கிகளைத் தடுக்க நட்ட கருங்கற்கள் போதிய உயரம் இல்லை. பலவீனமான இடத்தின் பெயர் சும்மா. ஆம், ஊர்ப்பெயர் அப்படித்தான், தமிழில் எழுதும்போது சிரிப்பை அடக்கவேண்டியிருக்கிறது. டிசம்பரில் அங்கே டாங்கிகள் அரணைக் கடந்து உள்ளேயே வந்துவிட்டன. ஆனால் பின்னால் காலாட்படை வரவில்லை, ராத்திரி ஆனதும் டாங்கிகள் திரும்பிப்போயின. அந்த டிசம்பரில் பூசந்தியில் வெண்பனி கொஞ்சம்தான். தரை மட்டும் கல்லாக உறைந்திருந்தது. காப்பாற்றும் என்று நம்பிய சதுப்பும் ஏரியும் டாங்கிகளுக்குத் தார்ச்சாலையாகிவிட்டன. பனி காப்பாற்றியது என்பவர்கள் மன்னர்ஹைமிடம் கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

ஜனவரி 7 அன்று சோவியத் தளபதி திமோஷென்கோ பூசந்தியில் பொறுப்பேற்றார். ஒரு மாதம் பெரிதாகத் தாக்கவில்லை. ஃபின்னியக் காப்பறைகளைப் போலவே மாதிரி கட்டி, டாங்கியும் காலாட்படையும் பீரங்கியும் சேர்ந்து அடிக்க ஒத்திகை பார்த்தார். வீரர்களை டாங்கி இழுக்கும் இரும்புச் சறுக்குவண்டியில் ஏற்றினார். பீரங்கிகளை முன்னுக்கு இழுத்துவந்து காப்பறையின் துப்பாக்கித் துளையை நேருக்கு நேர் குறிவைத்தார். சூடான சோறும் வெள்ளை அங்கியும் வந்தன. பிப்ரவரி 1 முதல் பத்து நாள் இடைவிடாத குண்டு. பிப்ரவரி 11 அன்று சும்மா பகுதியின் லாஹ்தே முனையில் 123ஆவது டிவிஷன் உள்ளே நுழைந்தது. எதிரே இருந்தவர்கள் பல நாள் தூங்காதவர்கள். அடுப்பும் இருந்தது, கூடாரமும் இருந்தது. மாற்றி அனுப்ப ஆள்தான் இல்லை. முழு ராத்திரித் தூக்கம் என்பது ரிசர்வ் படை உள்ளவனுக்கே கிடைக்கும்.

பிறகு கடல். ஜனவரி 16 அன்று பூசந்தியில் மைனஸ் 43 பதிவான அந்தக் குளிர்காலம் வீப்புரி நகரை ஒட்டிய விரிகுடாவையும் டாங்கி தாங்கும் அளவு உறையவைத்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் சோவியத் படை அதன்மேல் நடந்து, ஓட்டி, மேற்குக் கரையில் ஏறியது. ஃபின்னியர்கள் பனிக்கட்டியை வெடிவைத்து உடைத்தார்கள். உடைத்த இடம் அந்தக் குளிரில் திரும்ப உறைந்தது. ராத்தேயில் கலப்பை போட்டுத் தாங்கள் தடிக்கவைத்ததை இங்கே உடைக்க முடியாமல் நின்றார்கள். வசந்தத்தில் பனிக்கட்டி இளகி, காட்டுப்பாதை சேறாகும் வரை தாக்குப்பிடித்தால் டாங்கிகள் நிற்கும். அதற்கு இன்னும் பல வாரம் இருந்தது, குண்டும் ஆளும் அவ்வளவு நாளைக்கு இல்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளச் சொன்னவர்களில் மன்னர்ஹைமும் ஒருவர்.

இறந்த ஃபின்னியர்கள் சுமார் 26,000. சோவியத் தரப்பில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 1,27,000 என்பது பின்னாளில் ரஷ்ய ஆவணங்களிலிருந்து வந்த கணக்கு. வீப்புரியும் ஃபின்னியக் கரேலியாவின் பெரும்பகுதியும் போயின. நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள், குளிர்காலம் முடிவதற்குள்.

மார்ச் 13 காலை ஃபின்னிஷ் நேரம் 11 மணிக்குத் துப்பாக்கிகள் நின்றன. கிதிலாவிலும் கூஹ்மோவிலும் வளையம் அப்படியே இருந்தது. வளைத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்க்க, உள்ளே இருந்தவர்கள் மெலிந்து, கறுத்து, தங்கள் துப்பாக்கிகளோடு வெளியே நடந்தார்கள்.